எதற்காக விபிஎன் என்று கேட்கலாமா?

இணையப் போக்குவரத்தை மறையாக்கி வேறொரு சர்வர் வழியே அனுப்பும் விபிஎன் செயலியைச் செல்பேசியில் வைத்திருப்பது குற்றமா என்று பலர் தயக்கத்துடன் கேட்கிறார்கள். குற்றமில்லை. அதை நாடு முழுவதும் தடைசெய்யும் சட்டம் எதுவும் இந்தியாவில் கிடையாது. விபிஎன் வழியாக ஒருவர் பண மோசடி செய்தால் குற்றம் மோசடிதானே தவிர, விபிஎன் அல்ல.

பயன்படுத்துவது வெளியே தெரியுமா என்றால், தெரியும். ஒட்டிய உறைக்குள் இருக்கும் கடிதத்தைத் தபால்காரர் படிக்க முடியாது. ஆனால் உறை எங்கே போகிறது, எவ்வளவு கனம் என்பது அவருக்குத் தெரியும். அதுபோல, நாம் எந்த சர்வருடன் எவ்வளவு நேரம் இணைந்திருந்தோம், எவ்வளவு டேட்டா போய்வந்தது என்பதை இணையச் சேவை நிறுவனம் பார்க்கிறது. ஓபன்விபிஎன், வயர்கார்டு போன்றவை இணைப்பைத் தொடங்கும் விதமே அவற்றைக் காட்டிக்கொடுத்துவிடும். மறுமுனையில் ஓடிடி தளங்களோ, வரும் ஐபி முகவரி ஒரு டேட்டா சென்டருடையது என்பதை வைத்தே கண்டுகொள்கின்றன. சாதாரண இணையப் போக்குவரத்தைப் போல வேடமிடும் விபிஎன்களைப் பிரித்தறிவதுதான் கடினம்.

இத்தனை தெரிந்தும் அரசுக்குப் போதவில்லை. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவு, வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், தரப்பட்ட ஐபி முகவரி எல்லாவற்றையும் 5 ஆண்டுகள் சேமிக்கும்படி விபிஎன் நிறுவனங்களுக்குக் கட்டளையிட்டது. சேவை எதற்காக வேண்டும் என்ற காரணமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. வீட்டுக் கதவுக்குப் பூட்டு வாங்குபவரிடம், எதை மறைக்கப் போகிறாய் என்று கடைக்காரர் கேட்டு எழுதிவைக்க வேண்டும் என்பதற்கு ஒப்பானது இது.

நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்காக நடத்தும் விபிஎன்களுக்கு விலக்கு உண்டு. நிறுவனத்தின் ரகசியத்துக்குக் கிடைக்கும் அந்த மதிப்பு, ஊழலை அம்பலப்படுத்தும் செய்தியாளருக்கோ, தன்னைத் தேடி அலைபவனிடமிருந்து ஒளிந்து வாழும் பெண்ணுக்கோ ஏன் இல்லை?

விளைவையாவது பார்ப்போம். எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட்விபிஎன், புரோட்டான் ஆகியவை 2022இலேயே தங்கள் சர்வர்களை இந்தியாவிலிருந்து எடுத்துவிட்டன. இந்திய ஐபி முகவரியை இப்போது சிங்கப்பூரில் இருக்கும் சர்வரிலிருந்தே பெறலாம். புலனாய்வாளர்களின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்ததை நாமே கடல் கடந்து அனுப்பிவிட்டோம்.

இணையவழி மோசடியில் சேமிப்பையெல்லாம் இழந்தவர்களின் வேதனை சிறியதல்ல. குற்றவாளியைத் தேடும் காவலருக்குத் தடயம் வேண்டும் என்பதும் நியாயமே. அதற்கு வழி, சந்தேகத்துக்குரியவரைக் குறிப்பிட்டு நீதிமன்ற ஆணையுடன் தரவு கேட்பது. எல்லோரையும் முன்கூட்டியே பதிவேட்டில் ஏற்றிவைப்பது, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அளித்த தீர்ப்பின் உணர்வுக்கே முரணானது.

பதிவேடு விபிஎன் பயனர்கள் மீது வழக்குப் போடப் பயன்படலாம் என்ற அச்சம் கற்பனையல்ல. 2020 பிப்ரவரியில் காஷ்மீரில், விபிஎன் வழியாகச் சமூக ஊடகங்களைத் தவறாகப் பயன்படுத்தியதாகப் பதிவான வழக்கில் ஊபா எனப்படும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டமே சேர்க்கப்பட்டது. அங்கே அப்போது, அனுமதிக்கப்பட்ட தளங்களை மட்டுமே, அதுவும் 2ஜி வேகத்தில், மக்கள் பார்க்க முடிந்தது.

இணையத் தாக்குதலை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது போன்ற பிரிவுகள் அந்த உத்தரவில் இருக்கட்டும். விபிஎன் வாடிக்கையாளர் பதிவேட்டை மட்டும் மத்திய அரசு உடனே நீக்க வேண்டும்.