செத்தவர் அந்தரங்கம் விற்பனைச் சரக்கா?

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலை ஒட்டிய டீக்கடைகளில் விடிந்ததும் கூட்டம் கூடிவிடுகிறது. மெப்ஸுக்கு முதல் ஷிப்டு போகும் பெண்கள், வேளச்சேரி ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும் கட்டடத் தொழிலாளர்கள், இரவு வேலை முடிந்து திரும்பும் காவலாளிகள். ஒரே தினசரியைத் தாள் தாளாகப் பிரித்து நாலு பேர் படித்த இடத்தில் இன்று ஆளுக்கொரு செல்போன். எங்கோ ஒருவர் அகால மரணமடைகிறார். அதிலும் இளம் பெண்ணாக இருந்துவிட்டால் கேட்க வேண்டியதில்லை. அவர் யாருக்கோ எழுதிய வாட்ஸ்அப் செய்தி சாயங்காலத்துக்குள் அத்தனை போன்களிலும் வந்து விழுகிறது. டி.வி.யில் அதையே பெரிய எழுத்தில் போட்டு, திகில் சங்கீதத்தோடு வாசிக்கிறார்கள். எழுதியவர் பிணவறையில் கிடக்கிறார். "இதை ஏன் போட்டாய்?" என்று கேட்க அவரால் முடியாது. அந்தத் தைரியத்தில்தான் போடுகிறார்கள்.

உண்மை வெளிவர வேண்டாமா என்று நம்மை மடக்குவார்கள். வரட்டும். ஆனால் வந்தது என்ன?

2020 ஜூன் 14 அன்று பம்பாயில் நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத் இறந்து போனார். அதன் பிறகு மாதக்கணக்கில் இந்தியாவின் பெரிய டி.வி. கம்பெனிகள் நடத்திய கூத்தை நாடு மறந்திருக்காது. அவருடைய தோழி ரியா சக்ரவர்த்தி வருஷக்கணக்கில் யார் யாருடனோ பரிமாறிய செய்திகள் வரிவரியாகத் திரையில் ஓடின. பாதி வாக்கியத்துக்கு அர்த்தம் சொல்லப் பண்டிதர்கள் வரிசையில் உட்கார்ந்தார்கள். நீதிபதி ஸ்தானத்தில் அறிவிப்பாளர்! அந்தப் பெண் செப்டம்பர் 8 அன்று கைது செய்யப்பட்டு, சுமார் ஒரு மாதம் சிறையிலிருந்து, அக்டோபர் 7 அன்று ஜாமீனில் வந்தார். 2025 மார்ச்சில் சி.பி.ஐ., இதில் சதி ஒன்றும் இல்லை என்று வழக்கை முடித்துக் கொள்ள அறிக்கை தாக்கல் செய்தது. அத்தனை இரவுகள் கொட்டிய முரசுக்கு அன்று எத்தனை நிமிஷம் ஒதுக்கினார்கள்?

அந்த 2020 ஆகஸ்ட் 31 அன்றுதான், ஏப்ரல் முதல் ஜூன் வரை நாட்டின் உற்பத்தி 23.9 சதவிகிதம் சரிந்தது என்று சர்க்காரே அறிவித்தது. அந்த செப்டம்பரில்தான் மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இரண்டே நாட்களில் லோக்சபையையும் ராஜ்யசபையையும் கடந்தன. வேலையிழந்து ஊருக்கு நடந்த லட்சக்கணக்கானவர்களின் கால் புண் ஆறாத காலம் அது. திரையிலோ வாட்ஸ்அப். இது யதேச்சை என்று நம்புகிறவர்கள் நம்பட்டும்.

அதே நாட்களில் இன்னொன்றும் நடந்தது. இறந்த நடிகரின் கடைசி ட்விட்டர் செய்திகள் என்று ஆஜ் தக் சானல் சிலவற்றைக் காட்டியது. அவை போலி! 2020 அக்டோபரில் டி.வி. முதலாளிகளே ஏற்படுத்திக் கொண்ட தர நிர்ணய அமைப்பு, மன்னிப்புக் கேட்கச் சொல்லி ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. ஒரு லட்சம்! அந்தச் சானலுக்கு இது வெற்றிலை பாக்குச் செலவு. உயிரோடிருப்பவர் பேரில் போலிக் கடிதம் போட்டால் மறுநாளே மறுப்பு வரும். செத்தவர் எப்படி மறுப்பார்? செத்தவரின் செய்தியைப் பிரசுரிப்பதில் உள்ள முதல் அபாயம் இதுதான். அது அவர் எழுதியதுதானா என்பதைச் சொல்லக் கூடிய ஒரே சாட்சி இல்லை.

இந்தச் செய்திகள் நிருபர் கைக்கு எப்படி வருகின்றன? வாட்ஸ்அப் செய்தி அனுப்புகிறவர் போனில் பூட்டப்பட்டு, பெறுகிறவர் போனில்தான் திறக்கும். வழியில் எவரும் படிக்க முடியாது என்று அந்தக் கம்பெனி சொல்கிறது. அப்படியே வைத்துக் கொள்வோம். ஆனால் போனே கையில் கிடைத்துவிட்டால் பூட்டு எதற்கு? மரணம் நடந்தால் போலீஸ் போனைக் கைப்பற்றுகிறது. நிபுணர்கள் அதன் நினைவகத்தை அப்படியே நகலெடுக்கிறார்கள். அது வழக்குச் சொத்து. கோர்ட்டு பார்க்க வேண்டியது. கோர்ட்டு பார்ப்பதற்கு முன் கோடிப் பேர் பார்க்கிறார்கள் என்றால், நடுவில் யாரோ கொடுத்திருக்கிறார்கள். "வட்டாரங்கள் தெரிவித்தன" என்ற பதத்துக்குப் பின்னால் ஒளிந்திருப்பது ஒரு கை. அந்தக் கை முழுவதையும் கொடுப்பதில்லை. தனக்குச் சாதகமான நாலு வரியை மட்டும் கொடுக்கிறது.

2021 ஜனவரி 18 அன்று பம்பாய் ஹைகோர்ட்டு இந்த ஊடக விசாரணையைக் கண்டித்துத் தீர்ப்பளித்தது. தற்கொலைச் செய்திகளில் இறந்தவரைப் பலவீனமான குணமுள்ளவராகச் சித்தரிக்கக் கூடாது, அவருடைய அந்தரங்கத்தில் நுழையக் கூடாது என்றது. அதற்கு முன்பே, 2019 செப்டம்பரில், பிரஸ் கவுன்சில் தற்கொலைச் செய்திகளுக்கான விதிகளை வெளியிட்டிருந்தது. போட்டோ, வீடியோ, சமூக வலைத்தள இணைப்பு எதுவும் வேண்டாம் என்று அதில் இருக்கிறது. விதி காகிதத்தில் இருக்கிறது. வியாபாரம் திரையில் நடக்கிறது.

நமது தென் சென்னை வட்டாரத்துக்கும் இந்தக் கொடுமை அன்னியமல்ல. 2016 ஜூன் 24 காலையில் நுங்கம்பாக்கம் ஸ்டேஷனில் ஒரு இளம் பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டுப் பக்கம் வேலைக்குப் போக ரயிலுக்கு நின்றவர். நம் வீட்டுப் பெண்கள் தினமும் ஏறும் அதே லைன். அவர் யாரோடு பழகினார், முகநூலில் யார் நண்பர் என்பதுதான் அடுத்த வாரங்களின் விவாதம். ஒரு பெண்ணை நடைமேடையில் கொன்றார்கள்; பிறகு அவள் நடத்தையைச் சந்திக்கு இழுத்தார்கள். குற்றவாளி என்று பிடிக்கப்பட்ட இளைஞரும் அந்த செப்டம்பரில் புழல் சிறையிலேயே மாண்டார். வழக்கு விசாரணைக்கே வரவில்லை. நடந்தது டி.வி. விசாரணை ஒன்றுதான்.

அப்படியானால் செத்தவர் எழுதிய எதையுமே போடக் கூடாதா? அப்படிச் சொல்ல நாம் தயாரில்லை.

2016 ஜனவரி 17 அன்று ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வேமுலா இறந்தார். அவர் விட்டுச் சென்ற கடிதத்தைப் பத்திரிகைகள் போட்டன; நாடே படித்தது. அவருடைய முகநூல் எழுத்துக்கள் பின்னர் நூலாகவும் வந்தன. அது தவறா? இல்லை. முகநூலில் அவர் எழுதியது ஊருக்கு. தன் பெயரில், தன் கருத்தை, நாலு பேர் படிக்க வேண்டும் என்றே எழுதினார். கடிதத்தையும் படிக்கப் போகிறவர்களை எண்ணியே எழுதினார். அதை மறைத்திருந்தால் ஏழு மாத உதவித்தொகை பாக்கியும், விடுதியிலிருந்து விரட்டியதும் சேர்ந்து மறைந்திருக்கும். மேலிடத்துக்கு அதுதானே வேண்டும்?

2019 நவம்பரில், இதே தென் சென்னையில், ஐ.ஐ.டி.யில் ஒரு கேரளத்து மாணவி இறந்தார். அவர் போனில் இருந்த குறிப்புகளை வெளியே கொண்டு வந்தது பெற்றோர். அந்தக் குறிப்புகளை ஊரறியச் செய்த பின்தான் வழக்கு மத்தியக் குற்றப்பிரிவுக்குப் போயிற்று, பின் சி.பி.ஐ.க்கும் போயிற்று. குடும்பம் நியாயம் கேட்டு வெளியிடுவது வேறு. எவனோ லாபத்துக்கு வெளியிடுவது வேறு. ஆனால் அங்கும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். குறிப்பில் பெயர் இருக்கிறது என்பதற்காக, விசாரணைக்கு முன்பே அந்த ஆசிரியர்களைக் குற்றவாளிகள் என்று தலைப்புப் போட்டது சரியல்ல. ஸ்தாபனம் பதில் சொல்ல வேண்டும் என்று கேட்பது வேறு, தூக்கு மேடை கட்டுவது வேறு.

சட்டம் என்ன சொல்கிறது? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். ஆனால் அது உயிரோடு முடிந்துவிடுகிறது, வாரிசுக்குப் போகாது என்று ஜெயலலிதா பற்றிய சினிமா வழக்கில் 2021ல் சென்னை ஹைகோர்ட்டும், சுஷாந்த் பற்றிய சினிமா வழக்கில் 2023ல் டில்லி ஹைகோர்ட்டும் கூறின. இதில் நமக்கு முழு விரோதமில்லை. செத்தவரின் அந்தரங்கம் குடும்பச் சொத்தாகிவிட்டால், நாளை எந்த மந்திரியைப் பற்றியும் மில் முதலாளியைப் பற்றியும் அவர் காலத்துக்குப் பின் எழுத முடியாது. பேரப்பிள்ளை ஸ்டே வாங்கி வந்துவிடுவார். ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் போடக் கூடாது என்று அதிகாரிகள் முயன்றபோது, 1994ல் சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தடையை ஏற்காததும் பத்திரிகைகளுக்குக் கிடைத்த பாதுகாப்புதான். ஆகவே தடைச் சட்டத்துக்காக நாம் வாதாடவில்லை. செத்தவரை அவதூறு செய்து குடும்பத்தின் மனதைப் புண்படுத்துவது குற்றம் என்று வெள்ளைக்காரன் காலத்துப் பிரிவு ஒன்று ஏற்கெனவே உண்டு. இப்போது நியாய சன்ஹிதா 356ஆம் பிரிவில் இருக்கிறது. அதற்குக் கோர்ட்டு ஏற வசதியுள்ள குடும்பம் வேண்டும். மாடம்பாக்கத்தில் வாடகை வீட்டில் இருக்கும் தையல் தொழிலாளியின் குடும்பம் எந்தச் சானல் மீது வழக்குப் போடும்?

நமது முகாமின் கையும் முழுக்கச் சுத்தமில்லை. ஜூலியஸ் ஃபூசிக் 1943ல் நாஜிச் சிறையிலிருந்து துண்டுக் காகிதங்களில் எழுதிய தூக்குமேடைக் குறிப்புகளை நம்மில் எத்தனையோ பேர் கண்ணீரோடு படித்தோம். போலீசிடம் தான் எப்படிப் பேசிச் சமாளித்தேன் என்று அவர் எழுதிய பகுதிகளை, வீரனின் சித்திரம் கலங்கிவிடும் என்று வெட்டிவிட்டுத்தான் அதைப் பல பத்தாண்டுகள் அச்சிட்டார்கள். முழுப் பிரதி 1995ல்தான் வந்தது. அவர் ஊருக்கென்றே எழுதியது அது. வெட்டுவதற்கு யாருக்கு உரிமை இருந்தது? நாலு வரியைப் பொறுக்கிக் காட்டும் சானலைக் கண்டிக்கிற நாம் இதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இங்கிலாந்தில் 2002ல் காணாமற் போய்க் கொலையுண்ட 13 வயதுச் சிறுமியின் போனில் பதிவான குரல் செய்திகளை, மர்டாக்கின் நியூஸ் ஆஃப் தி வேர்ல்டு பத்திரிகை திருட்டுத்தனமாகக் கேட்டது 2011ல் அம்பலமாயிற்று. ஜனங்கள் கொதித்தார்கள், விளம்பரக்காரர்கள் ஓடினார்கள்; 168 வருஷப் பத்திரிகை ஒரே வாரத்தில் மூடப்பட்டது. முதலாளி பிழைத்துக் கொண்டார். வேலை போனது அங்கே உழைத்தவர்களுக்கு. (அந்த மர்டாக்கின் கம்பெனிதான் 2019 வரை நம் விஜய் டி.வி.க்கும் சொந்தக்காரர்.)

இங்கும் அப்படித்தான். செத்த வீட்டு வாசலில் மைக்கை நீட்டும் இளம் நிருபரை ஏசுவது எளிது. அவர் ஒப்பந்த ஊழியர். அடுத்த சானலில் அந்தச் செய்தி வந்துவிட்டால் அவருக்கு மெமோ. "இதை நான் எழுத மாட்டேன்" என்று சொல்ல அவருக்கு வேலைப் பாதுகாப்பு வேண்டும். அதைக் கொஞ்சமாவது தந்த 1955ஆம் வருஷத்து உழைக்கும் பத்திரிகையாளர் சட்டத்தையும் அந்தத் தொகுப்புகளிலேயே கரைத்துவிட்டார்கள்.

நாம் சர்க்காரிடம் கேட்பது அதிகமில்லை. மரண வழக்கில் போனைக் கைப்பற்றினால் முத்திரையிட்டு, எந்த அதிகாரி எப்போது திறந்தார் என்று எழுதி, அதன் நகலைக் குடும்பத்துக்குக் கொடுக்கட்டும். செய்தி வெளியே கசிந்தால் அந்த ஏட்டில் கையெழுத்துப் போட்டவரை முதலில் விசாரிக்கட்டும்.