பூட்டிய கடைமுன் கொடியேற்றியவருக்கு

மதிப்பிற்குரிய கூட்டுறவு இணைப்பதிவாளர் அவர்களுக்கு,



எங்கள் ஊர் கடைவீதியில், பேருந்து நிலையத்துக்கு எதிரே, தங்கள் பொறுப்பில் உள்ள கூட்டுறவு சூப்பர் மார்க்கெட் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடப்பதைத் தாங்கள் அறிவீர்கள். அதைத் திறக்கச் சொல்லிப் பங்குதாரர்களும், கடைவீதி வியாபாரிகளும், குடியிருப்போர் நலச் சங்கத்தினரும் பலமுறை மனு கொடுத்துவிட்டோம். ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற ஒற்றை வரியைத் தவிர தங்களிடமிருந்து வேறு பதில் வரவில்லை. தங்களுக்கு மட்டும் எழுதிய மனுக்கள் பயன் தராததால் இதை ஊரறிய எழுதுகிறோம்.

சட்டப் பிரிவுகளையும் துணை விதிகளையும் இங்கே அடுக்கப் போவதில்லை. அவை எங்களைவிடத் தங்களுக்கு நன்றாகத் தெரியும். சென்ற நவம்பரில் அந்தக் கடை வாசலில் நடந்ததை மட்டும் நினைவூட்டுகிறோம்.

2025ஆம் ஆண்டைச் சர்வதேசக் கூட்டுறவு ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்திருந்தது. அந்த ஆண்டின் நவம்பர் 14 முதல் 20 வரை 72ஆவது அனைத்திந்தியக் கூட்டுறவு வார விழா. அதில் ஒரு நாள் கொடியேற்றத் தாங்கள் எங்கள் ஊருக்கு வந்தீர்கள். விழாவுக்கு நிர்வாகம் தேர்ந்தெடுத்த இடம், பூட்டிய அதே கடையின் வாசல்.

விடியற்காலையிலேயே துப்புரவுப் பணியாளர்கள் வந்தார்கள். ஷட்டர் ஓரம் கிடந்த மது பாட்டில்களை அள்ளினார்கள். மூத்திர நாற்றம் போக பிளீச்சிங் பவுடர் தூவினார்கள். பந்தல் போடும் அளவுக்கு முன்பகுதி மட்டும் பெருக்கப்பட்டது; பக்கச் சந்தில் தேங்கிய மழைத்தண்ணீரை யாரும் தொடவில்லை. துருவேறிய ஷட்டரின் முழு அகலத்துக்கும் பிளெக்ஸ் கட்டினார்கள். அதன் கீழ்க்கயிற்றைக் கடையின் பூட்டிலேயே முடிச்சுப் போட்டார்கள். அந்த முடிச்சுக்குப் பக்கத்தில்தான் தாங்கள் நின்று ஏழு வண்ணக் கொடியை ஏற்றினீர்கள், உறுதிமொழியை வாசித்தீர்கள், நுகர்வோர் கூட்டுறவின் அருமை பற்றிப் பேசினீர்கள். பேச்சு முடிந்ததும் எங்களுக்கு இனிப்பும் தண்ணீர் பாட்டிலும் தந்தார்கள். அவை தனியார் சூப்பர் மார்க்கெட்டின் பெயர் அச்சிட்ட பைகளில் வந்திருந்தன.

அப்போது முன்வரிசையில் இருந்து ஒரு மூதாட்டி எழுந்தார். கணவர் வாங்கிய பத்து ரூபாய்ப் பங்கின் ரசீதை மஞ்சள்பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். “ஐயா, கடையை எப்போ திறப்பீங்க?” என்று மட்டும்தான் கேட்டார். மேடையில் இருந்த அலுவலர் ஒருவர் மைக்கிலேயே, “இது விழாம்மா. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர் கூட்டம் இருக்கு, அங்க மனுவா எழுதிக் கொடுங்க” என்றார். தாங்கள் பக்கத்தில் அமர்ந்திருந்தீர்கள். மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை.

அந்த அம்மா ஏற்கெனவே ஒரு திங்கட்கிழமை அங்கே போய்வந்தவர். குறைதீர் கூட்ட வரிசையில் காலையிலிருந்து நின்று மனு கொடுத்தவர். அந்த மனுவுக்கு வந்த பதில் எங்களிடம் இருக்கிறது: ‘தங்கள் மனு மேல்நடவடிக்கைக்காக இணைப்பதிவாளர் அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது.’ ஆக, உங்களிடம் வந்து சேர்ந்துவிட்ட கேள்வியைத்தான் அவர் உங்கள் முகத்துக்கு நேரே கேட்டார். அவரைப் பழையபடி கலெக்டர் அலுவலகத்துக்கே திருப்பி அனுப்பினீர்கள். மதியத்துக்குள் பந்தலைப் பிரித்தார்கள், பிளெக்ஸை அவிழ்த்தார்கள். சாயங்காலம் ஷட்டர் ஓரம் மறுபடியும் பாட்டில்கள் கிடந்தன.

ஒரு கடை போனால் இன்னொன்று வருகிறதே, இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று நீங்கள் நினைக்கலாம். கூட்டுறவுத் துறையில் இருக்கும் ஒருவர் அப்படி நினைப்பதற்கு இந்த மண்ணில் இடமில்லை. 1904இல், கூட்டுறவுச் சட்டம் வந்த அதே ஆண்டில், திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. இந்தியாவின் தொடக்ககால நுகர்வோர் கூட்டுறவுகளில் ஒன்று நம் மெட்ராஸில்தான் பிறந்தது. எடையில் ஏமாற்றாத, கலப்படம் செய்யாத ஒரு கடை தங்களுக்கென்று வேண்டும் என நினைத்தவர்கள் காசு சேர்த்து நடத்தியது அது. சென்னைக்குக் காமதேனு, கோவைக்குச் சிந்தாமணி, மதுரைக்குப் பாண்டியன், வேலூருக்குக் கற்பகம் என்று கூட்டுறவு அங்காடிகளின் பெயர்கள் அந்தந்த ஊர் மக்களின் நாவில் ஏறியதற்கும் அந்த நம்பிக்கைதான் காரணம்.

எங்கள் ஊர்க் கடையும் அந்த நம்பிக்கையில் எழுந்ததுதான். துவரையும் உளுந்தும் கல் நீக்கி, அரைக்கிலோவாகக் கட்டி, விலைச்சீட்டு ஒட்டி அடுக்கியிருப்பார்கள். மங்களம் மஞ்சள்தூளும் ஊட்டி டீயும் அங்கேதான் வாங்குவோம். ஜூன் மாதம் பள்ளி நோட்டுக்கும் தீபாவளிக்குப் பட்டாசுக்கும் வரிசை தெருமுனை தாண்டும். சந்தைக்கு வரும் கிராமத்துப் பெண்கள் பஸ் ஏறுவதற்கு முன் கடைசியாக நுழையும் கடை அது. அவர்கள் வருவதை நம்பித்தான் பக்கத்தில் டீக்கடையும் பூக்கடையும் தையல் கடையும் பிழைத்தன. இன்று பெரிய கடைகளெல்லாம் பைபாஸ் சாலைக்குப் போய்விட்டன. அங்கே போக வண்டி வேண்டும், அல்லது ஆட்டோவுக்குக் காசு வேண்டும். இரண்டும் இல்லாத முதியவர்கள் தெருமுனைக் கடையில் சொன்ன விலைக்கு வாங்குகிறார்கள்.

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. உங்கள் துறையின் பண்ணை பசுமைக் கடைகள் அதை 60 ரூபாய்க்குக் கொடுத்தன. சென்னை ரேஷன் கடைகளிலும் அதே விலைக்குக் கொடுத்தார்கள். நல்ல காரியம், மனதாரப் பாராட்டுகிறோம். விலை ஏறும்போது ஏழையின் பக்கம் நிற்கக் கூட்டுறவால் முடியும் என்று ஊருக்கே காட்டிய காரியம் அது. ஆனால் அந்த நாட்களில் எங்கள் ஊர்க்காரர்கள் இதே ஷட்டரைப் பார்த்துக்கொண்டே போய்த் தனியார் கடையில் கேட்ட விலையைக் கொடுத்து வாங்கினார்கள். உங்களிடம் கட்டடம் இருந்தது, இடம் இருந்தது, தேவை வாசலில் நின்றது. கதவைத் திறக்க மட்டும் மனம் வரவில்லை.

நஷ்டத்தால் மூடினோம் என்று நீங்கள் சொல்லலாம். ஆள் வராமல் அந்தக் கடை நஷ்டப்படவில்லை. சரக்கு வராமல் நஷ்டப்பட்டது. முதலில் எண்ணெய் வருவது நின்றது, பிறகு சோப்பு, பிறகு பருப்பு. ஓய்வு பெற்ற விற்பனையாளர்களின் இடத்துக்கு ஆள் போடவில்லை. பில் போடும் மெஷின் பழுதானதைச் சரிசெய்யவில்லை. மேற்கூரை ஒழுகிச் சர்க்கரை மூட்டை நனைந்தபோதும் யாரும் வந்து பார்க்கவில்லை. கடைசியில், ‘இருப்பு சரிபார்ப்புக்காகக் கடை தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது’ என்று ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார்கள். அந்தத் தாள் வெயிலில் வெளுத்து, மழையில் கரைந்து, இப்போது பசையின் தடம் மட்டும் ஷட்டரில் இருக்கிறது. ஒரு நிறுவனத்தைப் பட்டினி போட்டுச் சாகவிட்டு, அது நோஞ்சான் என்று சான்றிதழ் எழுதுவது என்ன நியாயம்?

இன்று கடையின் கைப்பிடிச் சுவரில் அரசமரக் கன்று வேர்விட்டு, சுவர் வெடித்துவிட்டது. பெயர்ப்பலகையில் ‘கூட்டு’ மட்டும் மிஞ்சியிருக்கிறது. உடைந்த ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால் காலி ரேக்குகளும் கவிழ்ந்து கிடக்கும் எடை மெஷினும் தெரிகின்றன. சந்தில் தேங்கிய தண்ணீரில் கொசு பெருகுகிறது. இருட்டினால் பெண்கள் அந்தப் பக்கம் நடக்கப் பயந்து சுற்றிப் போகிறார்கள். கடைவீதியின் நடுவில் இருக்கும் இடம் இது. ஒரு தனியார் கட்டடம் இப்படிக் கிடந்திருந்தால் அதிகாரிகள் நோட்டீஸ் அனுப்பியிருப்பார்கள். உங்கள் கட்டடத்துக்கு யார் அனுப்புவது?

இந்த இடம் உங்கள் துறையின் பதிவேட்டில் ஒரு வரியாக இருக்கலாம். எங்களுக்கு அது எங்கள் பெற்றோர் பத்து பத்து ரூபாயாகப் போட்டு எழுப்பிய கடை. தறி நெய்தவரும் மூட்டை சுமந்தவரும் பள்ளிக்கூட வாத்தியாரும் அதில் ஒரே மாதிரிப் பங்குதாரர்கள். அந்தக் காசுக்கு லாபப் பங்கு கேட்டு இன்றுவரை யாரும் உங்களிடம் வரவில்லை. கடையைத்தான் கேட்கிறோம்.

முழுக் கட்டடத்தையும் புதுப்பிக்கப் பணம் இல்லையென்றால், முன்பகுதியை மட்டும் பழுதுபார்த்து அரிசி, பருப்பு, எண்ணெய், காய்கறியோடு தொடங்குங்கள். ஆள் இல்லையென்றால் எங்கள் ஊர் மகளிர் சுயஉதவிக் குழுக்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள். அவர்கள் தயாராக இருக்கிறார்கள். எதுவுமே உங்களால் ஆகாது என்றால் அதையாவது காரணத்தோடு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், நாங்கள் மேலே போய்க் கேட்டுக்கொள்கிறோம். பரிசீலனை என்ற சொல்லை மட்டும் இனி எங்களிடம் சொல்லாதீர்கள்.

தைப் பொங்கலுக்குள் கடை திறக்கும் தேதியை எழுத்தில் தாருங்கள். வராவிட்டால், பங்குதாரர்கள் எல்லோரும் பங்கு ரசீதோடு உங்கள் அலுவலகத்துக்கு வருகிறோம். இம்முறை மனு எதுவும் கொண்டுவர மாட்டோம். பதில் வாங்காமல் திரும்பவும் மாட்டோம்.

இப்படிக்கு,
கடைவீதி குடியிருப்போரும் பங்குதாரர்களும்