வில்லனின் அடியாளுக்கு எப்போதும் ஏன் அந்த உடம்பு?

பாடசாலை நாடகங்களுக்கு ஆள் தெரிவு செய்வதைக் கவனித்திருக்கிறீர்களா? அரசன் வேடம் வெள்ளையான, அளவான பிள்ளைக்கு. அரக்கனின் அடியாள் வேடம் வகுப்பிலேயே உயரமான, பருத்த, கறுத்த, பல் மிதந்த பிள்ளைக்கு. நடிக்கத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. நாடகம் ஒரு நாளில் முடிந்துவிடும். பட்டப்பெயர் பிள்ளையோடு ஓ/எல் வரைக்கும் போகும்.

இந்தப் பழக்கம் சினிமாவிலும் உண்டு. ஆனால் அதே சினிமா ஒரு தடவை உண்மையையும் சொல்லியிருக்கிறது. 1979 இல் வந்த ஜேம்ஸ் பொண்ட் படம் 'மூன்ரேக்கர்'. அதில் ஜோஸ் என்றொரு அடியாள். ஏழு அடிக்கு மேல் உயரம், வாய் நிறைய இரும்புப் பல். முதலாளியின் பெயர் ட்ராக்ஸ். பூமியில் உள்ள மனிதரை நச்சு வாயுவால் கொன்றுவிட்டு, தான் பொறுக்கியெடுத்த 'குறையில்லாத' உடம்புக்காரரை வைத்துப் புது உலகம் அமைப்பதுதான் அவனது திட்டம்.

அந்த அளவுக்குப் பொருந்தாதவருக்குப் புது உலகில் இடமில்லை என்பதை ட்ராக்ஸின் வாயாலேயே சொல்ல வைக்கிறான் பொண்ட். ஜோஸ் கேட்டுக்கொண்டு நிற்கிறான். அவன் விரும்பும் டொலியும் அங்கே நிற்கிறாள். சின்ன உருவம், கண்ணாடி போட்ட பெண். அப்போதுதான் அவனுக்கு விளங்குகிறது: அடிப்பதற்கு இந்த உடம்பு வேண்டும், வாழ்வதற்கு வேண்டாம். அந்த இடத்திலேயே முதலாளிக்கு எதிராகத் திரும்புகிறான்.

நடித்தவர் ரிச்சர்ட் கீல். பல்தான் பொய். உயரம் ஹோர்மோன் கோளாறு கொடுத்தது. ஒரு மனிதனின் நோயைத்தான் சினிமா 'பயங்கரம்' என்று விற்றது.

ட்ராக்ஸைத் தேடி விண்வெளிக்குப் போகத் தேவையில்லை. மேசை தூக்க, பந்தல் கட்ட, கதிரை இறக்க அந்தப் பெரிய உடம்புப் பிள்ளையைத்தான் கூப்பிடுகிறார்கள். பரிசளிப்பு விழாவில் வரவேற்க, படத்துக்கு முன்வரிசையில் நிற்க அவனைக் கூப்பிடுவதில்லை. வேலைக்கு வேண்டிய உடம்பு, மரியாதைக்கு வேண்டாத உடம்பு. இது ட்ராக்ஸின் கணக்கு இல்லையா?

"சும்மா பகிடிதானே சேர், அவனே சிரித்துக்கொண்டுதான் செய்கிறான்" என்பார்கள். ஜோஸும் இரும்புப் பல் தெரியச் சிரித்துக்கொண்டுதான் வேலை செய்தான். சிரிக்காவிட்டால் கூட்டத்தில் தனக்கு இடமில்லை என்று தெரிந்த பிள்ளை சிரிக்கத்தான் செய்யும். அதைச் சம்மதம் என்று எடுக்காதீர்கள்.

ஆசிரியர்களே, அடுத்த நாடகத்துக்கு வசனத்தை வாசிக்கவிட்டு ஆள் எடுங்கள். உயரமான பிள்ளை நன்றாக வாசித்தால் அரசன் வேடத்தைக் கொடுங்கள். பெற்றோரே, அடுத்த வீட்டுப் பிள்ளையை உடம்பைச் சொல்லிக் கூப்பிடுவதை உங்கள் வீட்டுக்குள்ளேயே நிறுத்துங்கள். அந்தப் பிள்ளைக்கு வாப்பாவும் உம்மாவும் சேர்ந்து வைத்த அழகான பெயர் ஒன்று இருக்கிறது.