தடுப்பது லினக்ஸ் அல்ல

"கேம் ஆடணும்னா விண்டோஸ்தான் தம்பி. லினக்ஸ் எல்லாம் சர்வருக்கும் காலேஜ் லேபுக்கும்தான்." கணினி அசெம்பிள் செய்யும் கடைகளில் இன்றும் இதைத்தான் சொல்கிறார்கள். பத்தாண்டுக்கு முன் இது நியாயமான எச்சரிக்கை. இன்றைக்கு அப்படியல்ல. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத கணினியை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. இந்த நேரத்தில் அந்தப் பழைய பேச்சை நம்பினால், நன்றாக ஓடும் கணினியை ஓரங்கட்டிவிட்டுப் புதிதாகக் காசு போட வேண்டியதுதான். அதனால்தான் அந்தப் பேச்சின் குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க விரும்புகிறேன்.

"லினக்ஸுக்கு ஆட்டங்களே இல்லை" என்பது முதல் குற்றச்சாட்டு. லினக்ஸுக்கென்றே எழுதப்படும் பெரிய ஆட்டங்கள் குறைவு என்பது மெய்தான். 2015-இல் ஸ்டீம் மெஷின் என்ற பெயரில் லினக்ஸ் கணினிகள் சந்தைக்கு வந்து எடுபடாமல் போனதற்கு அதுவே முக்கியக் காரணம். அதற்குப் பிறகு, ஸ்டீம் என்ற ஆட்டக் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் வழியை மாற்றிக்கொண்டது. தனிப் பதிப்பு கேட்டு ஒவ்வொரு நிறுவனத்தின் வாசலிலும் நிற்பதைவிட, விண்டோஸுக்காக எழுதிய ஆட்டத்தையே லினக்ஸில் ஓட்டிவிடலாம் என்று முடிவு செய்தது. 2018 ஆகஸ்டில் வந்த புரோட்டான் அதற்கான கருவி. இன்று ஸ்டீமில் ஆட்டத்தை வாங்கி, இன்ஸ்டால் பொத்தானை அழுத்தி, ஆடத் தொடங்கலாம். எல்டன் ரிங், சைபர்பங்க் 2077 எல்லாம் இப்படித்தான் ஓடுகின்றன. ஸ்டீமுக்கு வெளியே எபிக், ஜி.ஓ.ஜி கடைகளில் வாங்கியவற்றுக்கு ஹீரோயிக் என்ற மென்பொருள் இருக்கிறது. எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸில் பதிவிறக்கி ஆட மட்டும் வழியில்லை. அதன் விண்டோஸ் ஆப் லினக்ஸில் ஓடுவதில்லை.

"அதெல்லாம் எமுலேஷன், மெதுவாகத்தான் ஓடும்" என்பது அடுத்தது. இங்கே கொஞ்சம் நின்று விளக்க வேண்டும், ஏனென்றால் விஷயம் தெரிந்தவர்கள்கூட இதில் தவறுகிறார்கள். வேறொரு கருவியையே மென்பொருளால் போலியாக உருவாக்கி அதற்குள் ஆட்டத்தை ஓட்டுவதுதான் எமுலேஷன். புரோட்டான் அப்படிச் செய்வதில்லை. ஆட்டத்தின் கட்டளைகள் இன்டெல் அல்லது ஏஎம்டி செயலியில் நேரடியாகவே ஓடுகின்றன. கோப்பைத் திற, சாளரத்தைக் காட்டு, ஒலியை எழுப்பு என்று விண்டோஸிடம் ஆட்டம் கேட்பவற்றுக்கு மட்டும் லினக்ஸைக் கொண்டு பதில் சொல்கிறது ஒயின். 1993-இலிருந்து வளர்ந்துவரும் இந்த மென்பொருள்தான் புரோட்டானின் முதுகெலும்பு.

மிச்சமிருந்த பெரிய சுமை, படம் வரைவது. விண்டோஸ் ஆட்டங்கள் டைரக்ட்3டி வழியாக கிராபிக்ஸ் கார்டோடு பேசுபவை. அதில் 11-ஆம் பதிப்பு வரையிலான பேச்சை எல்லாக் கார்டுகளுக்கும் பொதுவான வல்கன் மொழிக்கு மாற்றுகிறது டிஎக்ஸ்விகே. நியர்: ஆட்டோமேட்டா என்ற ஆட்டத்தை லினக்ஸில் ஆட வேண்டும் என்ற ஆசையில் பிலிப் ரெபோலே என்ற நிரலாளர் தொடங்கிய வேலை அது. பிறகு வால்வின் துணை கிடைத்தது. இன்டெல் தன் ஆர்க் கார்டுகளுக்கான விண்டோஸ் டிரைவரிலேயே பழைய டைரக்ட்3டி 9 ஆட்டங்கள் சிலவற்றை ஓட்ட டிஎக்ஸ்விகேயை எடுத்துக்கொண்டது. லினக்ஸுக்காக எழுதியது விண்டோஸுக்கே உதவப் போன பிறகும் அதை மட்டமான மாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வேகத்துக்குச் சான்று வேண்டுமா? 2022-இல் எல்டன் ரிங் வெளிவந்தபோது வலுவான விண்டோஸ் கணினிகளிலும் ஆட்டம் நடுநடுவே திக்கியது. ஸ்டீம் டெக் என்ற சிறிய லினக்ஸ் கருவியில் அந்தத் திக்கலை வால்வ் பொறியாளர்கள் புரோட்டானில் செய்த திருத்தத்தால் பெருமளவு குறைத்தார்கள். 2025-இல் லெனோவோ லீஜியன் கோ எஸ் கருவியில் விண்டோஸ் 11-ஐயும் வால்வின் லினக்ஸான ஸ்டீம்ஓஎஸ்ஸையும் ஆர்ஸ் டெக்னிகா ஒப்பிட்டுச் சோதித்தபோது, எடுத்துக்கொண்ட ஆட்டங்களில் பெரும்பாலானவை லினக்ஸிலேயே வேகமாக ஓடின. எல்லாக் கணினியிலும் இப்படி நடக்கும் என்று நான் சொல்லவில்லை. என்விடியா கார்டுகளில் டைரக்ட்3டி 12 ஆட்டங்கள் பலவும் விண்டோஸைவிடச் சற்று பின்தங்குகின்றன. அங்கே இன்னும் வேலை பாக்கியிருக்கிறது.

என்விடியா பேச்சு வந்ததால் வன்பொருள் புகாருக்கே போகலாம். "கார்டு போட்டால் டிரைவர் கிடைக்காது, திரை கறுத்துவிடும்" என்கிறார்கள். ஏஎம்டி கார்டு வைத்திருப்பவருக்கு இது பொருந்தவே பொருந்தாது. அதன் அடிப்படை டிரைவர் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. வல்கனுக்கான பகுதி மீசா என்ற தொகுப்பில் கூடவே வருகிறது. எங்கும் போய்ப் பதிவிறக்க வேண்டியதில்லை. என்விடியாவின் பழைய வரலாறு கசப்பானது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் 2022 மே மாதம் அந்நிறுவனமே தன் கெர்னல் பகுதியின் மூலநிரலைத் திறந்துவிட்டது. வேலண்டு திரைமுறையில் படம் மின்னிச் சிதறிய தொல்லைக்கு 2024-இல் வந்த 555 டிரைவர் தீர்வு கொண்டுவந்தது. கேம்பேடுகளைப் பற்றியும் கவலை வேண்டாம். பிளேஸ்டேஷனின் டூயல்சென்ஸுக்கான டிரைவரை சோனியே எழுதி 2021-இல் கெர்னலில் சேர்த்தது.

லினக்ஸ் ஆர்வலர்களிடமும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டால் எல்லா ஆட்டமும் பறக்கும் என்று ஆசை காட்டாதீர்கள். டிஎக்ஸ்விகே 2.0 பதிப்பிலிருந்து வல்கன் 1.3 கட்டாயம். இன்டெல் நான்காம் தலைமுறை லேப்டாப்பின் உள்ளமைந்த கிராபிக்ஸில் அது கிடையாது. விண்டோஸ் 11 தள்ளிவிட்ட ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினியில் ஓரளவு நல்ல கார்டு இருந்தால் அது வேறு கதை. அதற்கு இன்னும் பல வருட ஆயுள் உண்டு.

ஒரு குறை இன்றும் உண்மையாகவே இருக்கிறது. ஏஎம்டி கார்டை எச்.டி.எம்.ஐ 2.1 வழியாக டிவியோடு இணைத்து 4கே தெளிவில் நொடிக்கு 120 பிரேம் கேட்டால் முழுத்தரத்தில் கிடைப்பதில்லை. ஆனால் அதற்கான நிரலை எழுத ஆளில்லாமல் நின்ற வேலை அல்ல அது. திறந்த மூல டிரைவரில் அதைச் சேர்க்க ஏஎம்டி முன்வைத்த திட்டத்தை எச்.டி.எம்.ஐ அமைப்பு ஏற்கவில்லை என்று 2024 பிப்ரவரியில் தெரியவந்தது. டிஸ்ப்ளேபோர்ட் வைத்த மானிட்டரில் இந்தச் சிக்கல் இல்லை.

"டெர்மினலில் கட்டளை அடித்தே கை ஓய்ந்துவிடும்" என்ற புகாருக்கு நீண்ட பதில் தேவையில்லை. ஸ்டீம் டெக் வாங்கியவர்களில் பலர் உள்ளே லினக்ஸ் இருப்பதையே நினைத்துப் பார்க்காமல் ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசிக் குற்றச்சாட்டுதான் கனமானது: "ஆன்லைன் ஆட்டம் ஓடாது." ஆமாம், வேலொரன்ட் ஓடாது. ஃபோர்ட்நைட் ஓடாது. அண்மைய கால் ஆஃப் டூட்டியும் ஓடாது. ஆனால் ஏன் ஓடவில்லை என்று கேட்காமல் இந்தப் பட்டியலை நீட்டுவது நேர்மையல்ல. மோசடி ஆட்டத்தைத் தடுக்கும் ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ ஆகிய இரண்டும் 2021 செப்டம்பரிலேயே புரோட்டானுக்கு ஆதரவை அறிவித்துவிட்டன. அதைப் பயன்படுத்துவதா இல்லையா என்பது ஆட்டத்தை வெளியிடும் நிறுவனத்தின் கையில். எல்டன் ரிங் அனுமதித்தது. ஈஸி ஆன்டி-சீட்டின் உரிமையாளரான எபிக், தன் சொந்த ஃபோர்ட்நைட்டுக்கு அனுமதிக்கவில்லை. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் 2022 முதல் லினக்ஸில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. மோசடிக்காரர்கள் லினக்ஸ் வழியாக வருகிறார்கள் என்று சொல்லி அதை வெளியிட்டவர்கள் 2024 அக்டோபர் இறுதியில் கதவை மூடினார்கள். ஜிடிஏ ஆன்லைனும் அதே ஆண்டு செப்டம்பரில் பேட்டில்ஐ வந்ததோடு போனது. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் பல வருடம் ஒயினில் ஓடியது. வேலொரன்ட்டின் மோசடித் தடுப்பு மென்பொருளான வேன்கார்டு அதற்குள்ளும் நுழைந்ததும் நின்றது. நேற்றுவரை ஓடிய ஆட்டத்தை இன்று ஓடவிடாமல் செய்தவர் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நிறுவனங்களின் தரப்பிலும் ஒரு வாதம் இருக்கிறது, அதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். லினக்ஸில் கெர்னல் வரை எல்லாமே பயனர் கையில். மோசடியைக் கண்டுபிடிப்பது கடினம். ஸ்டீமில் லினக்ஸ் ஆட்டக்காரர்கள் 3 சதவீதத்தைத் தாண்டியதே 2025 அக்டோபரில்தான். இத்தனை பேருக்காக ஒரு குழுவை உட்கார வைப்பது செலவு. இரண்டும் மெய்தான். ஆனால் அவர்கள் எடுத்திருக்கும் மாற்று வழி, கணினியின் கெர்னலுக்குள் வெளியாரின் மென்பொருளைக் குடியேற்றுவது. கெர்னல் மட்டத்தில் ஒரு பிழை என்ன செய்யும் என்பதை 2024 ஜூலையில் கிரவுட்ஸ்ட்ரைக் அப்டேட் காட்டியது. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. அது ஆட்ட மென்பொருள் அல்ல, பாதுகாப்பு மென்பொருள். ஆயினும் அது இயங்கிய மட்டம் இதேதான். சர்வர் பக்கத்தில் ஆட்டக்காரரின் நடத்தையைக் கண்காணித்து மோசடியைப் பிடிக்கும் வழியில் இன்னும் கூடுதலாக உழைக்கலாம். அதற்கான பணம் இந்த நிறுவனங்களிடம் இருக்கிறது.

வேலொரன்ட்தான் உங்கள் மாலை நேரம் என்றால், விண்டோஸிலேயே இருங்கள். யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது. மற்றவர்கள் ஓஎஸ் மாற்றும் முன்பு தாங்கள் வாங்கி வைத்திருக்கும் ஆட்டங்களின் பெயர்களை புரோட்டான்டிபி தளத்தில் ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். எந்தக் கார்டில், எந்தப் பதிப்பில், எப்படி ஓடியது என்று ஆடியவர்களே எழுதியிருப்பார்கள். ஓடாத ஆட்டம் ஏதாவது இருந்தால், புகாரை அதை விற்ற நிறுவனத்துக்கு அனுப்புங்கள்.