கருவியைப் பழிப்பது முறையோ?

ஜப்பானிய ஓவியர் தகாஷி முரகாமியைப் பற்றிப் பேச்செழும் இடங்களில் எல்லாம் ஒரு குற்றச்சாட்டும் உடனெழுவதை நாம் கேட்டு வருகிறோம். "கணினியில் கோடிழுத்து, அச்சுத்திரையில் வண்ணமேற்றி, உதவியாளர் பலரைக் கொண்டு பூச்சு முடிக்கும் ஒருவரை ஓவியர் என்பது எங்ஙனம்? தம் நாட்டுத் தூரிகை மரபை அவர் பொறிக்கு விற்றுவிட்டார்" என்பதே அது. கேட்பதற்கு இனிதாயிருக்கும் இக்கூற்று ஆராய்ச்சிக்கு முன் நில்லாது.

குற்றம் சாட்டுவோர் போற்றும் அம்மரபுதான் யாது? உலகோர் அனைவரும் அறிந்த ஹொகுஸாயின் பேரலைப் படத்தையே எடுத்துக்கொள்வோம். 1831-ஆம் ஆண்டளவில் வெளிவந்த அப்படத்தை அவர் தனியொருவராய் ஆக்கினாரா? இல்லை. அவர் மெல்லிய தாளில் வரைந்து கொடுத்தார். செதுக்குவோர் அத்தாளைச் செர்ரி மரப்பலகையில் முகங்கவிழ ஒட்டிக் கோடுகளை மட்டும் நிறுத்தி ஏனையவற்றைக் குடைந்தெடுத்தனர். ஓவியர் கைப்பட வரைந்த தாள் அங்கேயே அழிந்தது. பின்னர் வண்ணங்களுக்கெனத் தனித்தனிப் பலகைகள் அமைய, அச்சிடுவோர் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக ஒற்றியெடுத்தனர். பதிப்பாளர் நிஷிமுராயா யோஹாச்சி அவற்றைக் கடையில் விற்றார்.

அவ்வலையின் நீலமோ, 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் நகரிலே செயற்கை முறையில் கண்டறியப்பட்ட பிரஷ்ய நீலம்! அயல்நாட்டுச் சாயம், பலர் கைவேலை, படிபடியாய் ஒற்றியெடுத்தல், விற்பனை நோக்கம் ஆகிய நான்கும் அன்றே அங்கு இருந்தன. அன்று மரபெனப் போற்றப்பட்டவை இன்று மாசெனத் தூற்றப்படுவது எந்த நீதியின்பாற்படும்?

இனி, முரகாமி தூரிகை பிடிக்க அறியாதவர் என எண்ணுவோர்க்கு ஒன்று கூறுவோம். 1962-இல் பிறந்த அவர், டோக்கியோ கலைப் பல்கலைக்கழகத்தில் நிஹோங்கா எனப்படும் மரபு ஓவியத்தைப் பயின்று, 1993-இல் முனைவர் பட்டமும் பெற்றவர். அவர் கையால் வரைந்த கோட்டோவியமே கணினிக்குள் செல்கிறது. அங்கே கோடு திருத்தம் பெறுகிறது, வண்ணம் வகுக்கப்படுகிறது. பின்னர் அது திரையச்சின் வழியே சீலைக்கு வந்து, மனிதர் கையாலேயே அடுக்கடுக்காய்ப் பூசப்படுகிறது. கற்றறிந்த ஒருவர் கையில் கணினியும் ஓர் உளியே. பழைய அச்சுப்படங்களில் காணும் ஆழமற்ற தட்டைப் பரப்பே இக்காலக் கேலிச்சித்திரக் கதைகளிலும் தொடர்கிறது என்பது அவர் கொள்கை. 'சூப்பர்ஃபிளாட்' என்னும் பெயரில் 2000-இல் அதை அவர் முன்வைத்தார். அதனை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் உரிமை. ஆயினும் அது மரபை ஆராய்ந்தவர் பேச்சு. மரபைத் துறந்தவர் பேச்சன்று.

அங்ஙனமாயின் அவர்பால் குறையே இல்லையோ எனின், உண்டு. 2007-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து அருங்காட்சியகத்தில் நடந்த அவரது கண்காட்சிக்குள்ளேயே லூயி வுய்ட்டான் கைப்பைக் கடை ஒன்று திறக்கப்பட்டது. காண வந்தவரைக் கொள்வோராக்கும் அச்செயல் நமக்கு உவப்பானதன்று. ஆனால் அக்கடையை விரித்தது கணினியா, மனிதரா? பழி எங்குச் சேர வேண்டுமோ அங்கே சேரட்டும்.

அதனினும் பெரிய வினா ஒன்றுண்டு. அதைத்தான் குற்றம் சாட்டுவோர் கேட்பதில்லை. அரபியில் 'ஸன்அத்' என்னும் சொல் கைத்தொழில், கலைத்திறன் என்னும் இரண்டையும் ஒருங்கே குறிக்கும். உழைப்பு வேறு, கலை வேறு என அச்சொல் பிரித்துக் காணாது. பேரலைப் படத்திலோ ஹொகுஸாயின் கையொப்பம் இருக்கிறது. செதுக்கியவர் பெயரும் ஒற்றியவர் பெயரும் இல்லை. 2011-ஆம் ஆண்டின் பெருநிலநடுக்கத்திற்குப் பின் முரகாமி படைத்த, பௌத்த அருகதர் ஐந்நூற்றுவரைக் காட்டும் ஓவியம் 100 மீட்டர் நீளமுடையது. 2012-இல் கத்தார் நாட்டின் தோஹா நகரில் வைக்கப்பட்டது. கலை மாணவர் பலர் அதற்கு உழைத்தனர். தம் ஓவியங்களின் பின்புறத்தில் உதவியாளர் பெயர்களை எழுதிவைக்கும் வழக்கம் முரகாமிக்கு உண்டு. நற்செயல் அது, பாராட்டுகிறோம். எனினும் சுவரை நோக்கியிருக்கும் பெயரைக் காண்பவர் எவர்? முன்புறத்திலும் விலைச்சீட்டிலும் நிற்பது ஒரு பெயரன்றோ?

ஜப்பானிய அலையையும் மலரையும் எடுத்துக் கணினியிலிட்டுக் கலக்கும் புதியவர்கள் இன்று எந்நாட்டிலும் மலிந்துள்ளனர். அவர்களை நோக்கி, "எந்தக் கருவியால் செய்தாய்?" என வினவுதல் வீண். "இவ்வுருவை யாரிடம் கற்றாய்? எவர் கைகள் இதில் உழைத்தன? அவர் பெயரை எங்கே எழுதினாய்?" என்னும் மூன்றையுமே கேட்டல் வேண்டும். விடை தருவோர் பொறியைக் கையாண்டாலும் கலைஞரே. விடை தர இயலாதார் தூரிகையையே பிடித்திருப்பினும், பிறர் பொருளைத் தம்மதெனக் காட்டித் திரிவோரே ஆவர்.