கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவர்



இரண்டு வாரங்களுக்கு முன்பு, ஞாயிறு ஆராதனை முடிந்து நான் அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, நம் சபையின் மூத்தவர் ஒருவர் அறைக்குள் வந்தார். கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஐயா, சிறைக்குப் போய் வந்தவர் கையில் காணிக்கைப் பையைக் கொடுப்பது சரியாக இருக்குமா?" என்று கேட்டார். யாரைக் குறித்துக் கேட்கிறார் என்பது எனக்குத் தெரியும். மூன்று ஆண்டுகளாக ஒரு ஞாயிறும் தவறாமல் வந்து, கடைசி வரிசையில் அமர்ந்து, ஆசீர்வாதம் கூறப்பட்டவுடன் எவரோடும் பேசாமல் எழுந்து செல்லும் சகோதரர் அவர். காணிக்கை எடுப்போர் பட்டியலில் அவர் பெயரையும் சேர்க்கும்படி வாலிபர் சிலர் கேட்டிருந்தனர்.

"கமிட்டியில் கேட்டுச் சொல்கிறேன்" என்று மூத்தவருக்குச் சொன்னேன். நான் பதில் சொல்லவில்லை, பதிலிலிருந்து தப்பித்துக்கொண்டேன். இதைக் குறித்து எழுத அந்தச் சகோதரரிடமே அனுமதி கேட்டபோது, அவர் சிறிது நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "எல்லாருக்கும் தெரிந்ததுதானே, ஐயா, எழுதுங்கள்" என்றார்.

அந்நாட்களில் நான் வாசித்துக்கொண்டிருந்தது ஆஸ்திரேலியாவின் தொடக்கக்கால வரலாறு. இங்கிலாந்து தன் கைதிகளைக் கடல்கடத்திக் குடியேற்றிய சிட்னி என்னும் இடத்தின் கதை அது. நான் சொல்லாமல் விட்ட பதிலை அந்த வரலாறே எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

பிரியமானவர்களே, அக்காலத்து இங்கிலாந்தை எண்ணிப் பாருங்கள். துணி திருடியவனுக்கும் வெள்ளிக் கரண்டி திருடியவளுக்கும் தூக்குத்தண்டனை விதிக்கச் சட்டம் இடங்கொடுத்தது. தண்டனை குறைக்கப்பட்டவர்களை முன்பு அமெரிக்காவுக்கு அனுப்பிவந்தனர். அமெரிக்கா விடுதலைப் போரில் இறங்கியதும் அந்த வழி அடைபட்டது. சிறைகள் நிரம்பின, பழைய கப்பல்களை ஆறுகளிலும் துறைமுகங்களிலும் நிறுத்தி அவற்றில் கைதிகளை அடைத்தனர். இறுதியில் 1787 மே 13 அன்று பதினொரு கப்பல்கள் போர்ட்ஸ்மவுத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டன. எட்டு மாதங்களுக்கு மேல் கடலில் கழித்து, 1788 ஜனவரி 26 அன்று ஆளுநர் ஆர்தர் பிலிப்பின் தலைமையில் சிட்னி விரிகுடாவில் கரையிறங்கினர். வந்தவர்களில் எழுநூறுக்கும் மேற்பட்டோர் கைதிகள்.

அவர்களோடு ஒரு போதகரும் வந்தார். அவர் பெயர் ரிச்சர்ட் ஜான்சன். 1788 பிப்ரவரி 3 அன்று, ஒரு மரத்தடியில், அந்த மண்ணில் முதல் பிரசங்கத்தை அவர் செய்தார். எடுத்துக்கொண்ட பகுதி 116ஆம் சங்கீதம்: பெற்ற நன்மைகளுக்கு ஈடாகக் கர்த்தருக்கு எதைச் செலுத்துவது என்று சங்கீதக்காரன் தன்னையே வினவும் இடம். நாட்டையும் வீட்டையும் இழந்து நின்றவர்களிடம் நன்மைகளை எண்ணிப் பார்க்கச் சொன்னார்! அவர்களில் எத்தனை பேர் உள்ளுக்குள் கசந்திருப்பார்கள்!

அந்த மாதம் முடிவதற்குள்ளேயே, பிப்ரவரி 27 அன்று, தாமஸ் பாரெட் என்னும் கைதி உணவுப் பொருள் திருடியதற்காகத் தூக்கிலிடப்பட்டான். ஆனால் அடுத்த ஆண்டு, 1789 மார்ச் மாதத்தில், அதே களஞ்சியத்தில் திருடியதற்காக ஆறு பேர் தூக்கிலிடப்பட்டனர். அந்த ஆறு பேரும் கைதிகள் அல்லர். கைதிகளைக் காவல்காக்க வந்த படைவீரர்கள். பசி வந்தபோது காவலனுக்கும் கைதிக்கும் இடையே சீருடை ஒன்றே வேறுபாடாக நின்றது. நம்மில் எவரும் "நான் அப்படிப்பட்டவன் அல்லன்" என்று சொல்லுமுன், நமக்கு வராத பசியையும் நாம் சந்திக்காத சோதனையையும் நினைத்துப் பார்ப்பது நல்லது.

இப்பொழுது ஒரு சிறைக்காவலரைக் குறித்துச் சொல்லுகிறேன். நார்விச் சிறையில் ஹென்றி கேபிள், சூசன்னா ஹோம்ஸ் என்னும் இரு இளம் கைதிகள் இருந்தனர். இருவரும் முதலில் தூக்குத்தண்டனை பெற்று, பின்பு நாடுகடத்தலுக்குத் தண்டனை மாற்றப்பட்டவர்கள். சிறைக்குள்ளேயே அவர்களுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. சூசன்னாவைப் பிளைமவுத்தில் இருந்த சிறைக் கப்பலுக்குக் கொண்டுசென்றபோது, குழந்தையை ஏற்கத் தனக்கு உத்தரவில்லை என்று கப்பலின் தலைவர் மறுத்துவிட்டார். தாயைக் கப்பலில் ஏற்றினர். குழந்தை, கொண்டுவந்த காவலர் ஜான் சிம்ப்சனின் கையில் நின்றுவிட்டது.

அவர் என்ன செய்திருக்கலாம்? தன் வேலை முடிந்தது என்று குழந்தையை எங்கேனும் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பியிருக்கலாம். ஒருவரும் அவரைக் குறைகூறியிருக்கமாட்டார்கள். அவரோ குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கோச்சு வண்டியில் லண்டனுக்குப் பயணமானார். உள்துறை அமைச்சரான சிட்னி பிரபுவின் வீட்டு வாசலில் காத்திருந்து, அவரை நேரில் கண்டு மன்றாடினார். குழந்தை தாயோடு சேரவும், தந்தையும் அவர்களோடு செல்லவும் உத்தரவு பிறந்தது. செய்தியை அறிந்த மக்கள் பணம் திரட்டி, அக்குடும்பத்துக்கு வேண்டிய பொருள்களை வாங்கிக் கப்பலில் அனுப்பினர்.

அந்தப் பொருள்கள் வழியில் காணாமற்போயின. அதற்காகக் கேபிளும் சூசன்னாவும் 1788 ஜூலையில் கப்பலின் தலைவர் டங்கன் சின்க்ளேர்மேல் வழக்குத் தொடுத்தனர். மரணதண்டனை பெற்றவருக்கு வழக்குத் தொடுக்கும் உரிமையை இங்கிலாந்தின் சட்டம் மறுத்திருந்தது. சட்டத்தின் பார்வையில் அவர் செத்தவருக்குச் சமம். எனினும் சிட்னி நீதிமன்றம் அவர்கள் வழக்கைக் கேட்டு, பதினைந்து பவுன் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. அக்குடியேற்றத்தின் முதல் உரிமையியல் வழக்கில் வென்றவர்கள் இரண்டு கைதிகள். பின்னாளில் கேபிள் காவல் அதிகாரியாகவும் வணிகராகவும் விளங்கினார்.

எல்லாக் கப்பல்களுக்கும் ஒரு சிம்ப்சன் கிடைக்கவில்லை. 1790இல் வந்த இரண்டாம் கப்பல் தொகுதியை நடத்திய ஒப்பந்தக்காரர்களுக்கு, ஏற்றப்பட்ட தலைகளின் கணக்கில் பணம் கொடுக்கப்பட்டது. உயிரோடு இறங்கியவர்களின் கணக்கில் அல்ல. ஏறத்தாழ ஆயிரம் கைதிகளில் நான்கில் ஒரு பங்கினர் வழியிலேயே மாண்டனர். கப்பல்கள் வந்தபோது போதகர் ஜான்சன், 'சர்ப்ரைஸ்' என்னும் கப்பலின் அடித்தளத்துக்குள் இறங்கினார். நோயாலும் அழுக்காலும் மூடப்பட்டு, எழ வலுவின்றிக் கிடந்தவர்கள் நடுவே சென்றார். அவருடைய பிரசங்கங்களைவிட அந்த இறக்கம் எனக்கு அதிகமாய்ப் பேசுகிறது.

அவருக்கு ஆலயம் கட்டித்தர அரசு ஐந்து ஆண்டுகளாக முன்வரவில்லை. 1793இல் தம் சொந்தப் பணத்திலேயே களிமண்ணும் கம்பும் கொண்டு கட்டினார். 1798இல் அது எரிந்துபோயிற்று. ஆராதனைக்குக் கட்டாயம் வரவேண்டும் என்ற ஆணையை வெறுத்த கைதிகளே தீ வைத்தார்கள் என்று நம்பப்பட்டது. கட்டாயப்படுத்தி அமரவைத்த வரிசைகளில் ஐக்கியம் பிறக்கவில்லை.

பிரியமானவர்களே, இனி என் மனதை அதிகமாய்க் குத்திய பகுதிக்கு வருகிறேன்.

ஆண்ட்ரூ தாம்சன் என்பவர் ஸ்காட்லாந்தில் துணி திருடிய குற்றத்துக்காக, 17 வயதளவில் பதினான்கு ஆண்டு நாடுகடத்தல் தண்டனை பெற்றவர். சிட்னியில் காவல் பணியில் சேர்ந்து, மன்னிப்புப் பெற்று, ஹாக்ஸ்பரி நதிக்கரையில் பயிர்த்தொழிலும் வணிகமும் செய்து உயர்ந்தார். 1806இலும் 1809இலும் அந்நதி பெருகி ஊர்களை மூழ்கடித்தபோது, தம் படகுகளைக் கொண்டு மக்களைக் காப்பாற்றினார். அவரை 1810 ஜனவரியில் ஆளுநர் லாக்லன் மக்குவாரி நீதிபதியாக நியமித்தார். தண்டனை முடித்தவரை, அவர் இழந்த நிலைக்கே மீண்டும் உயர்த்தவேண்டும் என்பது மக்குவாரியின் கொள்கை. அவர்களைத் தம் உணவு மேசைக்கும் அழைத்தார்.

அதே ஆண்டில், புதிய சுங்கச் சாலையின் பொறுப்பாளர்களாக மூவரை அவர் நியமித்தார்: ஆண்ட்ரூ தாம்சன், முன்னாள் கைதியும் வணிகருமான சிமியோன் லார்ட், மூன்றாவதாகப் போதகர் சாமுவேல் மார்ஸ்டன். கைதியாயிருந்தவர்களோடு சமமாய் அமர முடியாதென்று மார்ஸ்டன் மறுத்துவிட்டார். தாம்சன் அந்த ஆண்டு அக்டோபரிலேயே இறந்தார்.

மார்ஸ்டன் ஊக்கமற்ற ஊழியர் அல்லர். 1814 கிறிஸ்துமஸ் நாளில் நியூசிலாந்தில் மாவோரி மக்களிடையே பிரசங்கித்தவர் அவரே. அதற்காகக் கடல் கடந்தார். ஒரு மேசையைச் சுற்றிவந்து தாம்சன் அருகில் உட்காரவோ அவரால் முடியவில்லை. வெள்ளத்தில் படகோட்டிய கைகளைக் காட்டிலும், பதின்வயதில் துணி திருடிய கைகளே அவர் கண்ணுக்குத் தெரிந்தன. இதை வாசித்தபோது, "கமிட்டியில் கேட்டுச் சொல்கிறேன்" என்ற என் சொற்கள் என் காதில் மீண்டும் ஒலித்தன.

"அப்படியானால் எவரையும் எதிலும் நம்பிவிடலாமா?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வந்தவர் அனைவரும் திருந்தினர் என்று அந்த வரலாறு சொல்லவில்லை. நம்பிக்கைக்கும் ஒரு படிவரிசை உண்டு. ஜேம்ஸ் ரூஸ் என்னும் கைதிக்கு ஆளுநர் பிலிப் முதலில் கொடுத்தது ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர் நிலம், ஒரு குடிசை, கருவிகள், விதைத் தானியம். தன் விளைச்சலிலேயே வாழ முடியும் என்று 1791இல் அவர் காட்டியபின், முப்பது ஏக்கர் அவருக்கு உரிமையாயிற்று. சிறியதில் தொடங்குவது ஞானம். தொடங்கவே மறுப்பது ஞானம் ஆகாது. பிள்ளைகளுக்குத் தீங்கிழைத்தவரைப் பிள்ளைகள் நடுவே பொறுப்பில் வைக்கக்கூடாது என்பதும், தீங்கு அடைந்தவருக்கு அவசரமாக மன்னிக்கும்படி கட்டளையிடக்கூடாது என்பதும் இதே ஞானத்தைச் சேர்ந்தவை.

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ரூஸ் பெற்ற நிலமும் தாம்சன் பெற்ற நிலமும் வெறுமையாய்க் கிடந்த நிலங்கள் அல்ல. சிட்னி விரிகுடா கடிகல் மக்களின் தாயகம். ஒருவரையும் கேட்காமல் அது எடுக்கப்பட்டது. 1789இல் பரவிய பெரியம்மை அம்மக்களில் பெரும்பகுதியினரைக் கொன்றது. நோயிலிருந்து பிழைத்த பூரோங் என்னும் சிறுமியை ஜான்சனும் அவர் மனைவியும் தங்கள் வீட்டில் வைத்துப் பராமரித்தனர். ஆனால் ஒரு வீட்டின் அன்பு, பறிக்கப்பட்ட ஒரு நாட்டுக்கு ஈடாகாது. ஒருவருக்குக் காட்டும் இரக்கத்தின் விலையை மற்றொருவர் தலையில் சுமத்தினால், அது முழுமையான இரக்கம் ஆவதில்லை.

பவுல் பிலேமோனுக்கு எழுதிய சிறு நிருபத்தை இவ்வாரம் உங்கள் குடும்ப ஜெபத்தில் வாசியுங்கள். ஓடிப்போன ஒநேசிமுவைச் சகோதரனாய் ஏற்றுக்கொள்ளும்படி கேட்கும் அப்போஸ்தலன், அவனால் நஷ்டம் ஏதும் இருந்தால் அதைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளச் சொல்லுகிறார். கணக்கை மறைக்கவில்லை, தாம் ஏற்றுக்கொள்ளுகிறார்.

மூத்தவருக்கு என் பதிலைச் சொல்லிவிட்டேன். கமிட்டி கூடும்போது, அந்தச் சகோதரரின் பெயரை நானே முன்மொழிவேன். நம் சபையில் காணிக்கையை எப்போதும் இருவர் சேர்ந்துதான் எண்ணுகிறோம். என் கையானாலும் உங்கள் கையானாலும் அந்த ஒழுங்கு ஒன்றே, அவருக்கும் அதுவே போதும். பையில் ஒரு ரூபாய் குறைந்தால் முதலில் யாரைப் பார்ப்போம் என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். அந்தப் பார்வையிலிருந்துதான் நாம் மனந்திரும்ப வேண்டியிருக்கிறது.

உங்களிடம் நான் கேட்பது அதைவிடச் சிறியது. வருகிற ஞாயிறு, ஆசீர்வாதம் முடிந்தவுடன், வாசலுக்கு விரைவதற்கு முன்பு, கடைசி வரிசைக்குச் சென்று அவர் பக்கத்தில் இரண்டு நிமிடம் உட்காருங்கள். வழக்கைக் குறித்துக் கேட்காதீர்கள். அவருடைய தாயார் நலமாயிருக்கிறார்களா என்று கேளுங்கள். முதல் ஆளாக நான் வருகிறேன். எனக்குப் பின்னால் நீங்கள் வாருங்கள்.

கர்த்தருடைய கிருபை உங்கள் அனைவரோடும் இருப்பதாக. ஆமென்.

கர்த்தருக்குள்,
உங்கள் போதகர்