பச்சையா, சிவப்பா?

பெட்ரோல் இன்றைக்கு என்ன விலை, வண்டி லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது... தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். ரேடியேட்டரில் என்ன வகை கூலன்ட் இருக்கிறது என்று கேட்டால்? 'பச்சை' என்பீர்கள். கொஞ்சம் விவரமானவர் என்றால், 'சிவப்பு'!

பச்சை என்பது ஒரு நிறம், ஸார். அது ஒரு வகை அல்ல.

காருக்குக் கிடைக்கும் கூலன்ட் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால் என்ற திரவமும் தண்ணீரும்தான். அதற்கு இயற்கையில் நிறமே கிடையாது. ஒழுகினால் கண்ணில் படட்டும் என்று சாயம் சேர்க்கிறார்கள். டொயோட்டாவுக்கு சிவப்பு, பிங்க், ஹோண்டாவுக்கு நீலம், ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஆரஞ்சு. எந்த வகைக்கு எந்தச் சாயம் என்று எல்லோருக்கும் பொதுவான விதி எதுவும் இல்லை. வேட்டியில் கரையைப் பார்த்தால் கட்சி தெரியும். கலரைப் பார்த்து கூலன்ட் தெரியாது!

நிஜமான வித்தியாசம், துருப்பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் மருந்தில் இருக்கிறது. பழைய வகையில் சிலிக்கேட், பாஸ்பேட் போன்ற உப்புகள். உலோகத்தின் மேல் சீக்கிரமாக ஒரு படலம் பூசும். சுமார் 2 வருஷத்தில் தீர்ந்துபோகும். புதிய வகையில் ஆர்கானிக் அமிலங்கள். மெதுவாக வேலை செய்யும். 5 வருஷம் வரைகூட தாங்கும். இரண்டும் கலந்தது மூன்றாவது வகை.

அம்பாஸடர், பத்மினி காலத்து வண்டிகளில் செம்பு-பித்தளை ரேடியேட்டர், ஈயப் பற்று. அவை பிறந்த காலத்தில் இருந்தது முதல் வகைதான். ஆர்கானிக் வகையை இப்படிப்பட்ட வண்டிகளில் ஊற்றாதீர்கள் என்று பிரிட்டனில் பழைய கார் சங்கங்கள் எச்சரித்திருக்கின்றன. நம் ஊரில் யார் சொன்னார்கள்? அலமாரியில் எது முன்னால் இருக்கிறதோ, அது உள்ளே போகிறது.

சரி, இரண்டையும் கலந்தால் என்ன ஆகும்? உடனே ஒன்றும் ஆகாது. அதுதான் ஆபத்தே! 5 வருஷம் தாங்க வேண்டியது, சத்தமில்லாமல் 2 வருஷச் சரக்காகிவிடும். சில ஜோடிகள் சேர்ந்தால் கூழ் மாதிரி வண்டல் கட்டி, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கும். ஒருநாள் டிராஃபிக்கில் முள் மேலே ஏறும். அப்புறம் ஹெட் காஸ்கெட். சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டியது பல ஆயிரமாகும். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே சொல்வார்: ''பழைய வண்டின்னா அப்படித்தான் ஸார்!''

அந்த ஒரு வரியின் மேல்தான் என் கோபம். தப்பான திரவத்தை ஊற்றியவர் தப்பித்தார். டப்பாவில் விவரம் போடாத கம்பெனி தப்பித்தது. பழி வண்டியின் வயசுக்கு. பழைய வண்டி வைத்திருப்பவர் யார்? புது வண்டி வாங்க முடியாதவர். ஒரே ஒரு வண்டியை ஓட்டிச் சாப்பிடுகிற டாக்ஸிக்காரர். அவர் தலையில் ஏன் கட்டுகிறீர்கள்?

அமெரிக்காவில் கேட்டார்கள். ஜெனரல் மோட்டார்ஸின் அந்த ஆரஞ்சு கூலன்ட்டால் காஸ்கெட் போயிற்று, உள்ளே சேறு கட்டியது என்று கார்காரர்கள் கூட்டமாக வழக்குப் போட்டார்கள். 2008-ல் கம்பெனி சமரசத்துக்கு வந்தது. இங்கே 'நம்ம நேரம்' என்று பில்லைக் கட்டிவிட்டு வருகிறோம்.

''சென்னையில ஏது பனி? தண்ணியே போதும்'' என்று ஒரு கோஷ்டி இருக்கிறது. உறையாமல் காப்பது கூலன்ட்டின் ஒரு வேலைதான். துருவைத் தடுப்பதும், சீக்கிரம் கொதிக்காமல் பார்த்துக்கொள்வதும்தான் நமக்கு முக்கியம். போர் தண்ணீர் வாட்டர் ஹீட்டர் காயிலில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் இன்ஜினுக்குள்ளும் படியும்.

'எல்லா வண்டிக்கும், எல்லா கலருக்கும்' என்று விற்கிறார்களே, அது? கலந்தால் கூழாகாது என்று வேண்டுமானால் நம்பலாம். உள்ளே ஏற்கெனவே செத்துக் கிடக்கும் பழைய மருந்துக்கு அது உயிர் கொடுக்காது.

உள்ளே இருப்பது என்ன வகை என்று தெரியவில்லையா? மொத்தமாக வடித்து, அலசி, வண்டியின் புத்தகத்தில் போட்டிருக்கும் ஒரே வகையை நிரப்பச் சொல்லுங்கள். கெட்டியான வகை என்றால் பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர். வழியில் கொஞ்சம் குறைந்தால், இன்ஜின் ஆறிய பிறகு டிஸ்டில்டு வாட்டர் மட்டும். வடித்ததைத் தெருவில் கொட்ட விடாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கிற விஷம். நக்கிய நாய் பிழைப்பது கஷ்டம்.

கம்பெனிகளுக்கு ஒன்று. டப்பாவின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில், தமிழில், மூன்றே விஷயம் போடுங்கள்: உள்ளே என்ன வகை, எந்த மாதிரி வண்டிக்கு ஆகாது, எதோடு கலக்கக் கூடாது. பனிமலைப் படம் போட இடமிருக்கும்போது இதற்கு இடமில்லையா?

அதுவரை, கடைக்காரர் ''பச்சையா, சிவப்பா?'' என்று கேட்டால், ''உள்ளே என்ன?'' என்று திருப்பிக் கேளுங்கள். பதில் தெரியாதவரிடம் சாயத் தண்ணீர் வாங்காதீர்கள்.